எம்.எம்.ஏ. தொழில்முறை விளையாட்டாக வளர்ந்த கதை, இன்னும் பாக்கி இருப்பது என்ன?

மணலி மைந்தன் (இழையைத் தொடங்கியவர்)

எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) என்று எழுதினாலே "கூண்டுக்குள்ள விட்டு அடிச்சுக்கறதுதானே" என்று ஒரு பதில் வந்துவிடுகிறது. கபடி இழையில் போன வாரம் பேச்சு அப்படித்தான் திசைமாறியது. அங்கே தொடர்ந்தால் கபடி ஆட்களுக்குத் தொந்தரவு. அதனால் தனி இழை. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

எம்.எம்.ஏ. நடத்தும் பெரிய அமெரிக்க நிறுவனமான யு.எஃப்.சி.யின் முதல் நிகழ்ச்சி 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் நடந்தது. எட்டுப் பேர், ஒரே இரவு. எடைப் பிரிவு கிடையாது, புள்ளி போட நடுவர்கள் கிடையாது. கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார். அவரையும் சேர்த்து மூன்று பேரை மடக்கிப் பட்டம் வாங்கியவர் பிரேசிலின் ராய்ஸ் கிரேசி. பார்த்தால் பெரிய உடம்பு இல்லை. எதிராளியைத் தரையில் போட்டு மடக்கும் ஜியு-ஜிட்சு என்ற கலையின் பெயரை உலகம் அன்றைக்குத்தான் கவனித்தது.

அப்புறம் அடி விழ ஆரம்பித்தது. செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை "மனிதச் சேவல் சண்டை" என்றார், மாநில ஆளுநர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். 1997 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தில் நடக்க வேண்டிய 12வது நிகழ்ச்சிக்குக் கடைசி நேரத்தில் வழி அடைபட்டது. கூண்டு, வீரர்கள், பணியாளர்கள் எல்லாரையும் விமானத்தில் ஏற்றி அலபாமாவில் டோத்தன் என்ற சிறிய ஊருக்குக் கொண்டுபோய் நடத்தினார்கள். அதே ஆண்டு கேபிள் நிறுவனங்களும் கைவிட்டன.

அந்தக் கட்டத்தில் இந்த விளையாட்டு செத்திருக்க வேண்டும். சாகாததற்குக் காரணம், விதிகளுக்குள் வர அது ஒத்துக்கொண்டதுதான். டோத்தன் நிகழ்ச்சியிலேயே எடைப் பிரிவு வந்துவிட்டது. அடுத்த சில மாதங்களில் கிளவுஸ் கட்டாயம் ஆனது. 1999ல் ஐந்து நிமிடச் சுற்று வந்தது. 2000ல் நியூஜெர்சி மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் ஒருங்கிணைந்த விதிகளுக்கு வடிவம் கொடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் அந்த விதிகளின்கீழ் யு.எஃப்.சி. நடந்தது. மறு ஆண்டு நெவாடாவும் கதவைத் திறந்தது.

பணக்கணக்கு இதற்குப் பின்னால்தான் மாறியது. 2001 ஜனவரியில் ஃபெர்டிட்டா சகோதரர்கள் 20 லட்சம் டாலருக்கு வாங்கிய யு.எஃப்.சி. நிறுவனம், 2016ல் சுமார் 400 கோடி டாலருக்குக் கைமாறியது. அதே 2016ல் நியூயார்க்கும் தடையை நீக்கி, நவம்பர் 12 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் இடம் கொடுத்தது.

என் கருத்து இதுதான். இந்த விளையாட்டைத் தாங்கிப் பிடித்தது விதிப்புத்தகமும், டாக்டர் பரிசோதனையும், நிறுவனத்துக்கு வெளியே இருந்து உரிமம் தரும் ஆணையமும். எங்கே அவை இல்லையோ அங்கே இன்றைக்கும் இது ஆபத்தான அடிதடிதான். மறுப்பவர்கள் வாருங்கள், பேசலாம்.

ராயபுரம் ரவுண்டு

அண்ணா, வரலாறு எல்லாம் சரி. நான் சின்ன வயதிலிருந்து குத்துச்சண்டை பார்த்து வளர்ந்தவன். எங்கள் பக்கம் தாத்தாக்கள் இன்றைக்கும் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் மரியாதை ஒன்று உண்டு: எதிராளி விழுந்தால் நீ விலகி நிற்க வேண்டும். அவன் எழுந்து வரும்வரை உன் கைக்கு வேலை இல்லை.

எம்.எம்.ஏ.வில் விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து அடிக்கிறார்கள். இதற்கு எத்தனை விதி எழுதினாலும் என் மனம் ஒப்பவில்லை. பழைமைவாதம் என்று தள்ளிவிடாமல் யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

நிலா

நேராகவே சொல்கிறேன் அண்ணா. நான் பிசியோதெரபிஸ்ட், ஜியு-ஜிட்சுவும் பயிற்சி செய்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டுச் சொல்வது இது.

குத்துச்சண்டையில் விழுந்தவருக்குப் பத்து எண்ணுகிறார்கள். பார்க்க அது கருணை மாதிரி இருக்கிறது. மூளையின் பக்கம் நின்று பாருங்கள். ஒரு குத்தில் மூளை அதிர்ந்துபோன ஒருவரை எட்டு நொடியில் எழுப்பி, "சரியா இருக்கியா?" என்று கேட்டு, மறுபடி அதே தலையில் குத்து வாங்க அனுப்புகிறோம். ஒரே சண்டையில் இப்படி இரண்டு மூன்று முறைகூட நடக்கும். எம்.எம்.ஏ.வில் எண்ணிக்கை கிடையாது. அடி வாங்கியவர் தன்னைக் காத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்த நொடியில் நடுவர் பாய்ந்து நடுவில் விழுகிறார், ஆட்டம் முடிகிறது. அந்த இடைவெளியில் கூடுதலாக இரண்டு மூன்று அடி விழுந்துவிடுவது உண்டு. நடுவர் தாமதித்தால் அது கொடுமைதான், அதை நான் மறைக்கவில்லை.

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் பத்தாண்டு மருத்துவப் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2015ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெட்டு, வீக்கம், சிராய்ப்பு என்று ஏதோ ஒரு காயத்தோடு வெளியே வருவது எம்.எம்.ஏ. வீரர்களில் அதிகம், கிட்டத்தட்ட 60 சதவீதம். குத்துச்சண்டையில் 50. ஆனால் நினைவிழப்பது குத்துச்சண்டையில் சுமார் 7 சதவீதம், எம்.எம்.ஏ.வில் 4. ரத்தம் இங்கே அதிகம் தெரிகிறது, தலைக்குள் விழும் அடி அங்கே அதிகம்.

இன்னொன்று, தரைக்குப் போனால் அடிதான் என்று நினைக்காதீர்கள். பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டும் பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடிப்பு எதிராளியின் முகவாய்க்கு நேர் கீழே வர வேண்டும். ஒரு பக்கம் மேல்கை, மறுபக்கம் முன்கை. இரண்டும் கழுத்தின் பக்கவாட்டில் ஓடும் ரத்தக்குழாய்களை அழுத்துகின்றன. காற்றுக்குழாயில் அழுத்தம் விழுந்தால் பிடி சரியாக விழவில்லை என்று அர்த்தம். சரியாக விழுந்த பிடியில் பத்து நொடிகூடத் தாங்காது, கண் இருட்டும். அதற்கு முன்னால் எதிராளி இரண்டு தட்டு தட்டினால் போதும், விட்டுவிட வேண்டும். "எனக்குப் போதும்" என்று சொல்லும் உரிமை வீரரின் விரல் நுனியில் இருக்கிறது. தட்டிவிட்டு மறுநாள் பயிற்சிக்கு வரலாம், யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. குத்துச்சண்டையில் அடுத்த சுற்றுக்கு முக்காலியிலிருந்து எழாத வீரரை ஊர் எப்படிப் பேசும் என்று உங்களுக்குத் தெரியாததா?

ராயபுரம் ரவுண்டு

எண்ணிக்கை பற்றிச் சொன்னது யோசிக்க வைக்கிறது. நான் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. ஆனாலும் ஏறி அடிப்பதைப் பார்த்தால் உறுத்துகிறது, அது போகாது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அடுத்த கேள்வி. குத்துச்சண்டையைக் கெடுத்தது தீர்ப்பு. இங்கே தீர்ப்பு ஒழுங்காக இருக்கிறதா?

மணலி மைந்தன்

நல்ல கேள்வி. ஒழுங்காக இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது.

நமக்கு நெருக்கமான ஒரு சண்டையையே எடுத்துக்கொள்வோம். உத்தரப் பிரதேசம் முசாஃபர்நகர் பக்கத்துப் புடானா கிராமத்தில் பிறந்து, சீனத் தற்காப்புக் கலையான வூஷுவில் தேசியப் பட்டங்கள் வாங்கி, யு.எஃப்.சி.யில் ஒப்பந்தமான முதல் இந்தியப் பெண் பூஜா தோமர். 2024 ஜூன் 8, லூயிவில் நகரில் பிரேசிலின் ரயானே டோஸ் சாண்டோஸோடு மோதினார். வயிற்றுக்கு அவர் விட்ட உதைகள் ஒவ்வொன்றும் சத்தத்தோடு இறங்கின. மூன்று சுற்று முடிந்தது. ஒரு நடுவர் 30-27 பூஜாவுக்கு. இன்னொருவர் 30-27 எதிராளிக்கு. மூன்றாமவர் 29-28 பூஜாவுக்கு. யு.எஃப்.சி.யில் ஓர் இந்தியர் பெற்ற முதல் வெற்றி இப்படித்தான் வந்தது.

கவனியுங்கள். ஒரே சண்டை, கூண்டைச் சுற்றி மூன்று நாற்காலி. ஒருவர் மூன்று சுற்றையும் பூஜாவுக்குக் கொடுக்கிறார், இன்னொருவர் மூன்றையும் எதிராளிக்குக் கொடுக்கிறார். விதிப்படி முதலில் பார்க்க வேண்டியது அடியும் பிடியும் ஏற்படுத்திய விளைவு. அது சமமாக இருந்தால்தான் யார் முன்னேறிப் போனார் என்று பார்க்கலாம். அதுவும் சமம் என்றால் கூண்டின் நடுப்பகுதி யார் கையில் இருந்தது என்பது. எழுத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் வயிற்றில் விழுந்த உதையின் வலியை நாற்காலியில் உட்கார்ந்து எப்படி அளப்பது? ஒருவருக்கு முதலில் கண்ணில் படுவது உதையின் கனம், இன்னொருவருக்கு எண்ணிக்கை.

யு.எஃப்.சி. போலவே ஆசியாவில் போட்டி நடத்தும் ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் வேறு வழி பிடித்தது. சுற்றுக்குச் சுற்று புள்ளி போடாமல் முழுச் சண்டையையும் ஒன்றாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். கடைசிச் சுற்றில் எதிராளியைக் கலங்கடித்தவருக்கு அதில் நியாயம் கிடைக்கிறது. எனக்கு அந்த முறைதான் பிடிக்கும்.

செந்தூல்காரன்

ஒன் சாம்பியன்ஷிப் பேச்சு வந்ததால் கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் செந்தூல் பையன் அகிலன் தானியை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்ப் பையன். சின்ன வயதில் மிகவும் குண்டாக இருந்தவர், எடை குறைக்கத்தான் பயிற்சிக்கூடத்துக்குப் போனார். 2017 மே மாதம் சிங்கப்பூரில், அதுவரை தோல்வியே காணாத நிலையில், பென் ஆஸ்க்ரனோடு வெல்டர்வெயிட் எடைப் பிரிவுப் பட்டத்துக்கு மோதினார். ஆஸ்க்ரன் ஒலிம்பிக் மல்யுத்த வீரர். முதல் சுற்றிலேயே தரையில் போட்டு மடக்கிவிட்டார். அன்றைக்கு எங்கள் பக்கம் எல்லாருக்கும் மனசு கஷ்டம்.

ஆனால் பையன் உடைந்துபோகவில்லை. 2019ல் ஷாங்காயில் ஜப்பானின் யோஷிஹிரோ அகியாமாவைப் புள்ளிகளில் தோற்கடித்தார். அகியாமா யார் என்று ஜப்பான் போட்டிகளைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். ஜூடோவிலிருந்து வந்து யு.எஃப்.சி. வரை போன பெரிய பெயர்.

எடை விஷயத்திலும் ஒன் சாம்பியன்ஷிப் செய்தது முக்கியம். 2015 டிசம்பரில் மணிலா போட்டிக்கு முன்னால் யாங் ஜியான் பிங் என்ற 21 வயதுச் சீன வீரர் எடை குறைக்கும்போது உடம்பு கெட்டு இறந்துபோனார். கூண்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே. அதற்கப்புறம்தான் அவர்கள் முறையை மாற்றினார்கள். உடம்பில் நீர்ச்சத்து இருக்கிறதா என்று சிறுநீர் பரிசோதனை செய்து பார்த்த பிறகே எடை கணக்கில் வரும். பிரிவுகளையும் ஒரு படி மேலே தூக்கினார்கள். யு.எஃப்.சி.யில் ஃப்ளைவெயிட் 56.7 கிலோ, இங்கே 61.2.

எழுபத்துநாலு கிலோ

நான் மல்யுத்தம் செய்தவன், அப்புறம் அமெச்சூர் எம்.எம்.ஏ. எடை குறைப்பது எப்படி இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

வாரத் தொடக்கத்தில் தண்ணீரை நிறையக் குடிக்க வைப்பார்கள், ஒரு நாளைக்கு ஏழெட்டு லிட்டர். உப்பை நிறுத்துவார்கள். உடம்பு தண்ணீரை வெளியேற்றப் பழகிவிடும். எடை பார்ப்பதற்கு முந்தைய நாள் தண்ணீரையும் நிறுத்திவிட்டுச் சுடுதண்ணீர்த் தொட்டி. கழுத்துவரை மூழ்கி உட்கார வேண்டும். வெளியே வந்ததும் கம்பளிக்குள் சுற்றிப் படுக்க வைப்பார்கள். வேர்வை முதலில் வழியும், பிறகு துளித்துளியாக, கடைசியில் வரவே வராது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுந்து நின்றால் அறை சுற்றும். இன்னும் 400 கிராம் பாக்கி என்று பயிற்சியாளர் சொல்லும்போது அழுகைகூட வராது, கண்ணீருக்கும் தண்ணீர் வேண்டுமே. இப்படி ஐந்து கிலோ, ஏழு கிலோ இறக்கிவிட்டு, அடுத்த 24, 30 மணி நேரத்தில் திரும்ப ஏற்றிக்கொண்டு சண்டைக்குப் போகிறோம். உடம்பில் தண்ணீர் திரும்பிவிடும். மூளையைச் சுற்றியுள்ள திரவம் அதே வேகத்தில் பழைய நிலைக்கு வந்ததா என்பது யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் தலைக்கு அடி வாங்குகிறோம்.

நான் கலந்துகொண்ட ஒரு போட்டியில் எடை பார்க்கும் இடத்தில் டாக்டரே இல்லை. குளுக்கோஸ் பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

மணலி அண்ணா, உங்கள் வாதத்தில் எனக்கு ஒரு சேர்க்கை. கூண்டுக்குள் நடப்பதற்கு விதி நன்றாக எழுதிவிட்டார்கள். கூண்டுக்கு வெளியே, ஹோட்டல் குளியலறையில் நடப்பதற்கு இன்னும் ஒழுங்கான விதி இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா ஆணையம் 2017ல் இதற்கென்று திட்டம் கொண்டுவந்தது, சண்டை நாளில் எவ்வளவு எடை ஏறியிருக்கிறது என்று மறுபடி பார்க்கிறார்கள். மற்றவர்களும் அந்த வழிக்கு வர வேண்டும்.

நிலா

தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. இதைத்தான் பயிற்சிக்கூடங்களில் சுவரில் ஒட்ட வேண்டும்.

செந்தூல்காரருக்கு ஒரு வார்த்தை: நீர்ச்சத்துப் பரிசோதனை நல்லது, ஆனால் அதிலும் தப்பிக்க வழி தேடுகிறார்கள். சண்டை நாளில் மறுபடி எடை பார்ப்பதும் சேர்ந்தால்தான் பலன்.

கணக்குப்பிள்ளை

எல்லாரும் உடம்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன். தொழில்முறை விளையாட்டு என்றால் அதைத் தொழிலாகச் செய்து குடும்பம் நடத்த முடிய வேண்டும். எம்.எம்.ஏ.வில் மேல்தட்டில் இருக்கும் சிலரைத் தவிர மற்றவர்களால் முடிகிறதா?

யு.எஃப்.சி.யில் புதிதாக வருபவரின் ஒப்பந்தம் பல ஆண்டுகளாக இப்படித்தான்: கூண்டில் ஏறினால் 10,000 அல்லது 12,000 டாலர், ஜெயித்தால் அதே அளவு இன்னொரு பங்கு. தோற்றால் பாதிப் பணம். ஆண்டுக்கு இரண்டு, மூன்று சண்டை கிடைத்தால் அதிர்ஷ்டம். இதில் பயிற்சியாளருக்கு, மேலாளருக்கு, சாப்பாட்டுக்கு, பயிற்சிக்கூடத்துக்கு, வரிக்கு எல்லாம் வீரர்தான் கொடுக்க வேண்டும். காரணம், அவர் ஊழியர் கிடையாது, தனி ஒப்பந்தக்காரர். மாதச் சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, தொழிற்சங்கமும் இல்லை.

2014 டிசம்பரில் குங் லே உள்ளிட்ட வீரர்கள் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். போட்டியாளர்களை ஒழித்து, வீரர்களை நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டு, கூலியைக் கீழே அழுத்தி வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பத்தாண்டு இழுத்தது. 33.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்கிறோம் என்று இரு தரப்பும் வந்தபோது 2024 ஜூலையில் நீதிபதி ஒப்பவில்லை. பிறகு 37.5 கோடிக்கு ஏற்றி, 2025 பிப்ரவரியில் இறுதி ஒப்புதல் கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு அதில் பங்கு. அந்த வழக்கின் ஆவணங்களில் வெளிவந்த கணக்குப்படி வருமானத்தில் வீரர்களுக்குப் போனது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அமெரிக்கக் கூடைப்பந்து லீகில் ஏறக்குறைய பாதி போகிறது.

குத்துச்சண்டை வீரர்களைப் பாதுகாக்க 2000ல் முகமது அலி பெயரில் ஒரு சட்டம் வந்தது. போட்டி நடத்துபவர் தன் வருமானத்தை வீரருக்குக் காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. எம்.எம்.ஏ.வுக்கு அது பொருந்தாது. 2025 ஆகஸ்டில் பாரமவுண்ட் நிறுவனத்தோடு ஏழு ஆண்டுக்கு 770 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்காவில் பே-பெர்-வியூ முறையும் (ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனியாகப் பணம் கட்டிப் பார்ப்பது) அதோடு போகிறது. சாம்பியன்களுக்கு அந்த விற்பனையில் பங்கு இருந்தது. இனி அதற்குப் பதில் என்ன? இதைக் கேட்க வீரர்கள் பக்கம் ஒரு சங்கம் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஏழாம் வரிசை

யாரும் கழுத்தைப் பிடித்துக் கையெழுத்து வாங்கவில்லையே சார்? பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்குப் போகலாம். முதல் போட்டு ஆண்டுக்கணக்கில் நஷ்டத்தையும் லாபத்தையும் பார்த்தவர்களுக்குத்தானே பங்கு அதிகம்?

கணக்குப்பிள்ளை

முதல் போட்டவருக்கு லாபம் வரட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. வேறு இடத்துக்குப் போகலாம் என்கிறீர்களே, போனவர் ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

பிரான்சிஸ் நகானு. கேமரூனில் பாட்டியே என்ற ஊர். சிறுவனாக மணல் குவாரியில் வேலை. பிறகு பிரான்சுக்குப் போய், தங்க இடமில்லாமல் பாரிஸில் வாகன நிறுத்தத்தில் படுத்து, பயிற்சிக்கூடம் தேடிப் பிடித்தவர். 2021 மார்ச்சில் யு.எஃப்.சி. ஹெவிவெயிட் சாம்பியன். அவர் கேட்டது பணம் மட்டும் இல்லை. வீரர்களுக்கு மருத்துவக் காப்பீடு, விளம்பரதாரர்களைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமை, நிறுவனக் கூட்டங்களில் வீரர்கள் சார்பில் பேச ஓர் ஆள். கிடைக்கவில்லை. முழங்காலில் பலத்த காயத்தோடு 2022 ஜனவரியில் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். பிறகு ஒப்பந்தக் காலம் முடியும்வரை காத்திருந்து 2023 ஜனவரியில் வெளியே வந்தார். அந்த அக்டோபரில் ரியாத்தில், குத்துச்சண்டை உலக சாம்பியன் டைசன் ஃப்யூரியோடு குத்துச்சண்டை. மூன்றாவது சுற்றில் ஃப்யூரியைக் கீழே விழ வைத்தார், தீர்ப்பு பிரிந்து ஃப்யூரி பக்கம் போனது.

இவரால் வெளியே வர முடிந்தது, ஏனென்றால் உலகமே அறிந்த ஹெவிவெயிட் சாம்பியன். ஓராண்டு வேலையில்லாமல் காத்திருக்க முடிந்தது. தரவரிசையில் 30வது இடத்தில் இருக்கும் 57 கிலோ வீரர் எங்கே போவார்? பி.எஃப்.எல். என்ற எம்.எம்.ஏ. நிறுவனம் 2023ல் பெல்லட்டர் என்ற இன்னொரு நிறுவனத்தை வாங்கிவிட்டதால் போக்கிடம் இன்னும் ஒன்று குறைந்துபோனது.

ராயபுரம் ரவுண்டு

நகானு அன்றைக்கு ஃப்யூரியை விழ வைத்ததை நேரலையில் பார்த்தேன். எங்கள் தெருவில் குத்துச்சண்டை ஆட்கள் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுதான் அவருக்கு முதல் ஆட்டம் என்பதை நம்பவே முடியவில்லை. இந்த இழையில் எனக்குப் பிடித்த பதிவு கணக்குப்பிள்ளையின் பதிவுதான்.

நிலா

பெண்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் தொடவில்லை. 2013 பிப்ரவரியில் ரோண்டா ரௌஸி, லிஸ் கார்மூஷ் மோதியதுதான் யு.எஃப்.சி.யின் முதல் பெண்கள் சண்டை, அதுவே அன்றைய முக்கியச் சண்டை. 2019ல் ஷென்ஜென் நகரில் ஜாங் வெய்லி 42 நொடியில் ஜெசிகா அந்த்ராஜியை வீழ்த்தி, யு.எஃப்.சி. பட்டம் வென்ற முதல் சீன வீரர் ஆனார். ஆண்களில் யாரும் இல்லை, ஒரு பெண்தான் முதலில் வென்றார்.

2020 மார்ச்சில் அவரும் யோவானா யென்ஜெய்ச்சிக்கும் ஐந்து சுற்று மோதியது எனக்கு இந்த விளையாட்டிலேயே மிகவும் பிடித்த சண்டை. யோவானாவின் நெற்றி வீங்கிப்போய் முகமே மாறிவிட்டது. ஆனால் கடைசி நிமிடம் வரை இருவரும் ஓர் அடிக்கு ஓர் அடி பதில் கொடுத்தார்கள், கால் நகர்த்தலில் ஒரு பிசிறு இல்லை. பெண்கள் சண்டை சுவாரசியமாக இருக்காது என்று சொல்பவர்களுக்கு அதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

நம் ஊரில் ரிது போகட் 2019ல் மல்யுத்தத்தை விட்டு ஒன் சாம்பியன்ஷிப்புக்கு வந்தபோது எல்லாரும் கேட்டது "எதுக்கு இந்த வேண்டாத வேலை?". 2021ல் ஆட்டம்வெயிட் எடைப் பிரிவின் கிராண்ட் பிரீ தொடரில் இறுதிவரை போனார். அங்கே தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ், ரிதுவின் கையைப் பூட்டி அவரைத் தோற்கடித்தார். கவனிக்க வேண்டியது என்னவென்றால் ஸ்டாம்ப் அடிப்படையில் முவே தாய் (நின்று குத்தி உதைக்கும் தாய்லாந்துக் கலை) வீராங்கனை. மல்யுத்த வீராங்கனையைத் தரையில் வைத்து அவர் மடக்கினார். ஒரு கலையை மட்டும் வைத்துக்கொண்டு இனி மேலே போக முடியாது.

மணலி மைந்தன்

நல்ல பதிவுகள் வருகின்றன. தொடக்கத்தில் "ஆணையம் இல்லாத இடத்தில் ஆபத்து" என்று எழுதியிருந்தேன், அதற்கு ஆதாரம் கேட்டுத் தனிமடல் வந்தது. பொதுவிலேயே சொல்கிறேன்.

2016 ஏப்ரலில் டப்ளினில் ஒரு போட்டியில் போர்ச்சுகலின் ஜோவாவ் கார்வால்யூ, 28 வயது, தோற்ற சிறிது நேரத்தில் உடல்நிலை மோசமாகி, மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தும் இரண்டு நாளில் இறந்துபோனார். அயர்லாந்தில் அப்போது எம்.எம்.ஏ.வுக்கு அரசு அங்கீகாரம் பெற்ற கட்டுப்பாட்டு அமைப்பு இல்லை. மக்கள் கொண்டாடிய விளையாட்டு அது, யு.எஃப்.சி. நட்சத்திரம் கானர் மெக்ரகரின் சொந்த ஊர் வேறு. இருந்தும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை.

நெவாடாவில் உரிமம் வேண்டுமென்றால் ரத்தப் பரிசோதனை (எச்.ஐ.வி., ஹெபடைடிஸ்), கண் பரிசோதனை, மூளை ஸ்கேன் எல்லாம் காட்ட வேண்டும். நாக் அவுட் ஆனவருக்குப் பெரும்பாலும் 60 நாள் போட்டித் தடை, 45 நாள் அடிபடும் பயிற்சிக்கும் தடை. அந்தத் தடையை நிறுவனம் நினைத்தாலும் நீக்க முடியாது. எனக்கு எம்.எம்.ஏ.வின் மேல் நம்பிக்கை வந்தது இந்தக் காகிதங்களைப் படித்த பிறகுதான்.

இந்தியாவில் அந்த மாதிரி மாநில ஆணையம் கிடையாது. போட்டி நடத்துபவரே டாக்டரை அழைக்கிறார், அவரே நடுவரை வைக்கிறார், அவரே எடை பார்க்கிறார். நல்லவர் நடத்தினால் நன்றாக நடக்கும். எழுபத்துநாலு கிலோ தம்பிக்கு நடந்தது மாதிரியும் நடக்கும். 2026 அய்ச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டியில் எம்.எம்.ஏ.வைச் சேர்த்திருக்கிறார்கள். பதக்கம் என்று வந்தால் அரசின் கண் படும். அந்த நேரத்தில் பதக்கத்துக்கு ஆள் தேடுவதோடு நின்றுவிடாமல், உள்ளூர்ப் போட்டிகளுக்கு மருத்துவ விதிகளையும் கட்டாயமாக்க வேண்டும். அதற்காக நம்மால் முடிந்த இடத்திலெல்லாம் எழுத வேண்டும், கேட்க வேண்டும்.

புதியவன்19

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரியில் படிக்கிறேன், வயது 19. பள்ளியில் சிலம்பமும் கொஞ்சம் கபடியும். எம்.எம்.ஏ. கற்றுக்கொள்ள ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். எதிலிருந்து தொடங்குவது? பயிற்சிக்கூடம் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எழுபத்துநாலு கிலோ

தம்பி, கபடி விளையாடியிருந்தால் கால் பிடிக்கும் பழக்கம் இருக்கும், அது நல்ல அடிப்படை. மல்யுத்தம் அல்லது ஜியு-ஜிட்சுவிலிருந்து தொடங்கு. யு.எஃப்.சி. சாம்பியனாக இருந்த கபீப் நூர்மகமதோவ் 29 சண்டை, தோல்வியே இல்லாமல் 2020ல் ஓய்வு பெற்றார், அவர் பலமெல்லாம் மல்யுத்தத்திலும் சாம்போ என்ற ரஷ்ய மல்யுத்தக் கலையிலும்தான். அடிக்கக் கற்றுக்கொள்வது அடுத்து வரட்டும். எடை குறைப்பதைப் பற்றி இப்போது யோசிக்கவே யோசிக்காதே. உன் இயல்பான எடையிலேயே விளையாடு.

நிலா

புதியவன், வீட்டாரை ஒரு நாள் பயிற்சிக்கூடத்துக்கே கூட்டிப்போய் உட்கார வைத்துக் காட்டுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

சேர்வதற்கு முன்னால் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பழைய மாணவர்கள் புதியவர்களோடு எப்படிப் பழகுகிறார்கள், யாராவது தட்டியதும் உடனே விடுகிறார்களா என்று கவனியுங்கள். தலைக்கு அடி பட்டால் எத்தனை நாள் ஓய்வு தருவீர்கள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். தெளிவான பதில் இல்லை என்றால் அந்த இடம் வேண்டாம். சேர்ந்த புதிதிலேயே முழு வேகத்தில் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) இறக்கிவிடும் இடமும் வேண்டாம். மேக்ஸ் ஹாலோவே மாதிரி யு.எஃப்.சி. சாம்பியனாக இருந்தவரே பயிற்சியில் தலைக்கு அடி வாங்குவதை நிறுத்திக்கொண்டார். மௌத் கார்டை மட்டும் சொந்தமாக வாங்குங்கள், முடிந்தால் பல் மருத்துவரிடம் அளவெடுத்து.

எந்த ஊர் என்று சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் பயிற்சி செய்பவர்கள் இங்கேயே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன்.